திங்கள், புதன், வெள்ளி

திங்கள், புதன், வெள்ளி ஊசி நாட்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும். சில்லென்று போட்டால் எரியும். இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, 44 மைக்ரோகிராம். தொடை, வயிறு, புஜம் என்று இடம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். எந்தத் தேதி எந்த இடம் என்பதற்கு நோட்டு வைத்திருக்கிறேன். பத்தி பிரித்து, கடைசியில் இனிஷியல். பாங்க் குமாஸ்தாவின் புத்தி.

வியாதி மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். 1868-ல் பாரிசில் ஷார்கோ இதற்கு ஒரு உருவம் கொடுத்தார். நரம்பின் மேலுறையை உடம்பின் காவல்படையே தாக்குகிறது என்று விளக்குகிறார்கள். இந்த யுத்த பாஷை எனக்கு ஒப்பவில்லை. எனக்கு நடந்தது யுத்தமாக இல்லை. ஒரு காலையில் வலது கண்ணுக்குச் சிவப்பு வெளிறிப் போயிருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஸ்டாம்ப் மசி செங்கல் கழுவின தண்ணீர். அவ்வளவுதான்.

ஊசி குணப்படுத்தாது. தாக்குதல்களைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்பது பரிசோதனைகளின் கணக்கு. கணக்கு கூட்டத்துக்கு உரியது. இரண்டு வருஷமாக எனக்குப் புதிதாக ஒன்றும் நேரவில்லை. ஊசியாலா, இல்லாமலும் இப்படித்தான் இருந்திருக்குமா? பிரதியில் இல்லாததை வைத்து அபிப்பிராயம் சொல்லாதே என்று மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருப்பவன் நான். இங்கே நேராததை நம்பித்தான் குத்திக்கொள்கிறேன். குத்தினதற்கு அத்தாட்சி நடுராத்திரிக் குளிர்நடுக்கம் ஒன்றுதான். அதையும் பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிடுகிறேன்.

பார்பெலியன் என்ற பெயரில் எழுதிய புரூஸ் கம்மிங்ஸுக்கும் இதே வியாதி. 1915-ல் ராணுவப் பரிசோதனைக்காக டாக்டர் ஒட்டிக் கொடுத்த கடிதத்தைத் திரும்பும் வழியில் பிரித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். மனைவிக்கு முன்னமே தெரியும். தெரிந்தே கல்யாணம் செய்துகொண்டவள். 1919-ல் டயரி வெளிவந்தபோது, ஆசிரியர் 1917 டிசம்பர் 31-ல் காலமானார் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. ஆள் உயிரோடு மதிப்புரைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அக்டோபரில்தான் இறந்தார், முப்பது வயதில். பி.ஏ. படிக்கும்போது இதை வெறும் சாதுர்யம் என்று ஒதுக்கியிருக்கிறேன். தேதியையாவது நாமே போட்டுவிடலாம் என்கிற ஆசை அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

செக்கில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்பார்ப்பது என் வேலை. இந்த வியாதிக்கு உஷ்ணம் ஆகாது. போன மே மாதம் நான் ஒப்பமிட்ட தாள் ஒன்றைப் பக்கத்து சீட் பையன் திருப்பிக் கொடுத்தான். "சார், இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே." சிரித்துக்கொண்டே இன்னொன்று போட்டேன். அதுவும் இல்லை. மூன்றாவதை வாங்கிக்கொண்டான். தாட்சண்யம்தான். ஆபீசில் இன்னும் சொல்லவில்லை.

புஜத்தில் நானே போட்டுக்கொள்ள முடியாது. சதையைப் பிடிக்க ஒரு கை, குத்த ஒரு கை வேண்டும். முதல் வருஷம் அவளை விடவில்லை. தொடையிலேயே போட்டுப் போட்டு அங்கங்கே தடித்துப்போயிற்று. "நான் குத்தினா மட்டும் வலிக்குமா?" என்று கேட்டாள். வலியில்லை விஷயம். ஊசி என் கையில் இருக்கிறவரை வியாதியும் என்னோடு நிற்கும் என்று ஒரு வீம்பு.

இன்று வெள்ளி. நோட்டுப்படி இடது புஜம். அடுப்படியில் பாத்திரம் ஒழித்துப் போடும் சத்தம் கேட்கிறது, முடித்துவிட்டு வருவாள். புஜத்துக்கு நேரே உள்ள இனிஷியல்கள் எல்லாம் அவளுடையவை. ஒன்றுகூடக் கோணவில்லை.