மிச்சம் இருந்த பாதி டியூப்

செஞ்சிப் பக்கம் குதிரை வைத்திருப்பவன் அதற்குப் பேர் வைக்க ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. தேசிங்கு ராஜன் கதையில் ராஜாவின் குதிரை பாராசாரி, தோழன் மகபத்கானின் குதிரை நீலவேணி. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிவந்த என் பெண்குதிரைக்கு நீலவேணி என்று வைத்தேன். திண்டிவனம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து என்று போய்வந்தோம்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் அவளுடைய இடது கண் மூடிக்கொண்டது. தண்ணீர் வழிந்தது. நேராக நிற்கிற இமை மயிர் கீழே தொங்கியது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பினாள். பேருக்கேற்ற மாதிரி கண்ணில் நீலம் படர்ந்திருந்தது. தும்பைச் சாறு விடச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்து, படித்தவன் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு, டாக்டரம்மாவை அழைத்துவந்தேன்.

கண்ணுக்குள் வருகிற அழற்சி, போய்ப் போய்த் திரும்பி வரும் என்றார். உலகமெங்கும் குதிரைகள் பார்வை இழப்பதற்கு இதுதான் முக்கியக் காரணமாம். நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு வருவதாக நம்பி, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இதை நிலாக் குருடு என்றார்களாம். (நானும் காலண்டரில் பௌர்ணமியைத் தேடினேன். பொருந்தவில்லை.) எலிக்காய்ச்சல் கிருமியும் காரணமாக இருக்கலாம் என்றவர், கொள்ளு மூட்டை இருந்த மூலையை எட்டிப் பார்த்தார். எலிப் புழுக்கை கிடந்தது. எனக்கு அங்கே பார்க்கத் தோன்றியதே இல்லை.

கண்மணி விரிய அட்ரோபின் சொட்டு, அழற்சி அடங்க ஸ்டீராய்டு களிம்பு. “கண்ணு திறந்துட்டாலும் ரெண்டு வாரம் விடாமப் போடணும்ணே.” எட்டாம் நாள் திறந்தது. பத்தாம் நாள் நிறுத்திவிட்டேன். தலையை உதறுகிற குதிரைக்குத் தினம் மூன்று வேளை கண்ணில் களிம்பு போடுவது என்ன பாடு என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். பாதி டியூப் மிச்சம்.

மாசியில் மறுபடி வந்தது. மிச்சக் களிம்பைப் போட்டேன், நாலே நாளில் அடங்கியது. அன்றிலிருந்து நானே டாக்டர். இன்னொரு குதிரைக்காரருக்குப் போனிலேயே யோசனை சொல்லும் அளவுக்கு.

ஆனியில் மூன்றாம் முறை. அதே கண், அதே கண்ணீர், அதே நீலம். “டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடுங்களேன்” என்றாள் மனைவி. “இதுக்கெல்லாமா?” என்றேன். ஐந்து நாள் களிம்பு போட்டேன். ஆறாம் நாள் நீலத்துக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது.

டாக்டரம்மா வந்ததும் ஒன்றும் பேசவில்லை. முனையில் ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த ஒரு காகிதக் கீற்றை நனைத்து இமைக்குள் தொட்டார். உப்புநீரால் கழுவினார். லாயத்துக் கதவைச் சாத்தச் சொல்லி, நீல விளக்கைப் பிடித்தார். இருட்டில், நீலவேணியின் கண் நடுவே புளியங்கொட்டை அளவுக்குப் பச்சையாக ஒளிர்ந்தது.

“முள்ளு கீறிப் புண்ணாயிருக்கு. என்னண்ணே போட்டீங்க?”

சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது புண்ணை ஆறவே விடாது. முதல் தடவை இந்தச் சாயம் வச்சுப் பாத்துட்டுத்தானே களிம்பு தந்தேன். எதுக்குன்னு நினைச்சீங்க?”

நான் எதுவும் நினைத்திருக்கவில்லை. டியூப் கைக்கு வந்ததுதான் ஞாபகம் இருந்தது. அதற்கு முன் நடந்தது ஏதோ சடங்கு மாதிரி மங்கலாக இருந்தது. கதவைத் திறந்தால் பத்தடியில் வேலிச் சீமைக்கருவேலம். தினமும் அதற்குள்தான் தலையை விட்டுப் புல் மேய்வாள்.

லாரி பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோவதற்குள் கண்ணில் துளை விழுந்துவிட்டது. கண்ணை எடுத்துவிட்டார்கள். லாரி வாடகைக்கே டாக்டரம்மாவைப் பத்து முறை வரவழைத்திருக்கலாம்.

குதிரையை இடது பக்கம் நின்று பிடிப்பதுதான் வழக்கம். அந்தப் பக்கம் இப்போது அவளுக்கு இருட்டு. பேசிக்கொண்டே போகாவிட்டால் திடுக்கிட்டு ஒதுங்குகிறாள், என்னைக் கண்டும். வேட்டுச் சத்தம் ஆகவே ஆகாது என்பதால் ஊர்வலம் நின்றுபோனது. கொள்ளை மூடி போட்ட தகர டிரம்முக்கு மாற்றினேன். வேலியை வெட்டினேன்.

போன தையில் வலது கண்ணில் தண்ணீர் வடிந்தது. விடிவதற்குள் போன் போட்டேன். சாயம் வைத்துப் பார்த்தார்கள், பச்சை இல்லை. களிம்பு தந்தார்கள். கண் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் ஒரு வேளை விடாமல் போட்டேன். கடைசி நாள் வந்த டாக்டரம்மா, மிச்சமிருந்த டியூபை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.