பெற்ற வயிறு

"பெற்ற வயிறு பற்றி எரிகிறது" என்று நம் தாய்மார் சொல்லக் கேட்காத தமிழர் இரார். கடலுக்குச் சென்ற மகன் நேரத்தோடு கரை திரும்பாவிட்டாலும், பட்டணத்திற்கு வேலைக்குப் போன மகளிடமிருந்து செய்தி வராவிட்டாலும், எரிவது நெஞ்சன்று, வயிறுதான். தாயன்பு குடியிருக்கும் இடம் வயிறு என்று நம் மொழி என்றைக்கோ தீர்மானித்துவிட்டது. அந்த வயிற்றைப் பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே கண்ணாடி முன் நின்று வெறுக்கும் நிலைக்கு நம் இளந்தாய்மார் பலர் இன்று தள்ளப்பட்டிருக்கின்றனர்.

குருவானவருக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். திருமுழுக்குத் தொட்டியருகே கைக்குழந்தையுடன் வந்து நிற்கும் தாய்மாரை ஆண்டுதோறும் காண்பவர்கள் நாம். அங்கே உறவினர் கூடி நின்று, "என்னடி, இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா?" என்று நகைப்பதையும், அந்தப் பெண் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மறைப்பதையும் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஆகவே வாய்மூடி இருப்பதற்கில்லை.

முதலில் வயிறு ஏன் உடனே வற்றுவதில்லை என்பதைப் பார்ப்போம். பிள்ளை பிறந்தவுடன் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் தொப்புள் அளவில் நிற்கிறது. இரண்டு வாரத்திற்குள் அது இடுப்பெலும்புக் கூட்டினுள் இறங்கிவிடும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். ஒரு கிலோ சதை ஆறே வாரத்தில் பத்தில் ஒரு பங்காவது படைப்பின் அற்புதங்களுள் ஒன்று. ஆனால் அந்தக் கருப்பைக்கு வெளியே இருப்பவை அவ்வளவு விரைவாகத் திரும்புவதில்லை. வயிற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகள், வளரும் பிள்ளைக்கு இடம் விட்டு நடுவில் விலகி நிற்கின்றன. அவற்றை இணைக்கும் நார்ப்பகுதி, நெடுநாள் இழுத்துக் கட்டிய துணிபோல் தொய்ந்துவிடுகிறது. பலருக்கு இந்த இடைவெளி முதல் எட்டு வாரங்களில் பெருமளவு குறைகிறது. சிலருக்கு மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கிலும் நிலைத்து நிற்கிறது. அத்தகைய பெண் மெலிந்தவளாயினும் மாலை நேரத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணிபோல் தோற்றமளிப்பாள். அது கொழுப்பே அன்று.

இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே உயர்த்தி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்து அழுத்தினால், தசைகளுக்கிடையே உள்ள பள்ளம் தென்படும். இரண்டு விரல் அகலத்திற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுவது நலம். இருமும்போது அந்த இடத்தில் புடைப்பு எழுந்தால் அது குடலிறக்கமாகவும் இருக்கக்கூடும்.

மாமல்லபுரத்திற்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் நடந்ததை, அந்தப் பெண்ணின் சம்மதத்துடன், பெயரின்றி இங்கே எழுதுகிறோம். ஒரு தவக்காலத் தொடக்கத்தில், நான்கு மாதக் கைக்குழந்தையுடன் அவள் நம் அறைவாயிலில் வந்து நின்றாள். "சாமி, நாற்பது நாளும் ஒருவேளைக் கஞ்சியோடு ஒருசந்தி இருக்கப்போகிறேன், உத்தரவு கொடுங்கள்" என்றாள்.

"பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறதே, அம்மா! உனக்கு ஒருசந்திக் கடமையே கிடையாதே" என்றோம். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் நோன்புக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்பது திருச்சபையின் நெடுநாள் வழக்கம்.

அவள் பேசவில்லை. உடன் வந்த பாட்டிதான் பேசினார். "அது சாமிக்காக ஒருசந்தி இல்லீங்க. அவன் பேச்சு தாங்காமத்தான். கூட்டாளிங்க எதிரிலேயே, 'அடுத்ததுக்கு இப்பவே இடம் பிடிச்சு வெச்சிருக்கா'ன்னு சிரிக்கிறான். ஒரு மாசமாவே இவ சரியாச் சாப்பிடறதில்லை."

கிராமச் சுகாதாரச் செவிலியர் எழுதித் தந்த அட்டையை வாங்கிப் பார்த்தோம். அதற்கு முந்தைய மாதத்தில் பிள்ளையின் எடை நூறு கிராம்கூட ஏறவில்லை. அந்த வயதில் மாதம் அரைக் கிலோவை ஒட்டி ஏறவேண்டிய பிள்ளை அது. தாய் அரைவயிறு உண்டாலும் சில காலம் பால் சுரக்கத்தான் செய்யும். தன் உடம்பைக் கரைத்தே சுரக்கும். பிறகு அதுவும் குறையும். அன்றே இருவரையும் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். 1965ஆம் ஆண்டு தொடங்கிய அந்தக் கல்லூரியின் மருத்துவமனையே இக்கடற்கரை ஏழைகளுக்கெல்லாம் புகலிடம். அங்கே சோதித்துப் பார்த்ததில் இரத்தச் சோகை கண்டது. வயிற்றுத் தசைகளுக்கிடையே மூன்று விரல் இடைவெளியும் கண்டது. உடம்பில் கரைப்பதற்குக் கொழுப்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அவள் பட்டினி கிடந்து கரைக்க முயன்றது இல்லாத ஒன்றை. கரைந்து கொண்டிருந்தது அவளது இரத்தமும் பிள்ளையின் சதையும்.

இது ஒரு குப்பத்தின் கதை மட்டுமன்று. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை உண்டு. அதே கணக்கெடுப்பில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். இந்த இரண்டு எண்களைக் கொண்டு மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஒரே உடம்பில் கூடுதல் எடையும் குறைந்த இரத்தமும் சேர்ந்திருக்கும் பெண்களும் நம்மிடையே இருக்கக்கூடும். அத்தகையவளுக்குப் பட்டினி எப்படி மருந்தாகும்?

அந்தக் கணவனை அழைத்துப் பேசினோம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். கெட்டவன் அல்லன், வாய்தான் நீளம். "இதெல்லாம் விளையாட்டுப் பேச்சு, சாமி" என்றான். அவனிடம் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் இறங்கக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது 2017இல் 61 நாளாயிற்று. எதற்காக என்றோம். "மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலமாச்சே" என்றான். "கடலில் இருக்கும் மீனுக்கே 61 நாள் விட்டுக்கொடுக்கிறாய், தம்பி. வீட்டில் இருப்பவளுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டோம். பதிலின்றித் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவன் முற்றும் மாறிவிட்டான் என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் கேலி குறைந்தது என்று மட்டும் பாட்டி சொன்னார்.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு குரங்குக் குடும்பமும் கல்லில் இருக்கிறது. பெண்குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்க, ஆண்குரங்கு பின்னே அமர்ந்து அதன் தலையில் பேன் பார்க்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பி எந்தத் தவக்கால மறையுரையும் கேட்டவன் அல்லன். கணவன்மார் ஒருமுறை அதன் முன் சற்று நின்று பார்க்கலாம்.

இனி வீட்டு மருத்துவத்திற்கு வருவோம். நம் பாட்டிமாரின் வழக்கங்கள் எல்லாவற்றையும் மூடத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் அல்லர் நாம். சுக்கும் பூண்டும் சேர்ந்த பத்தியச் சாப்பாடு, கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்கென்றே செய்யும் பால்சுறாப் புட்டு, முதல் நாற்பது நாளும் அவளை அடுப்படிக்கு விடாத கட்டுப்பாடு ஆகியவற்றில் நல்லறிவு நிறைய உண்டு. ஆயினும் ஒரு வழக்கத்தை நாம் கண்டிப்பாய் எதிர்க்கிறோம். "தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்" என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்களே, அது கொடுமை. குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கிப் பெருப்பதில்லை. பால் சுரக்கும் உடம்புக்குத் தாகம் மிகுதி. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். முக்கி முக்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்படித் தசைகள் மேலும் தளரும்.

துணி கட்டுவதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இதமாகக் கட்டினால் முதுகுக்கு ஆதரவாக இருக்கும். அறுவைப் பிரசவம் ஆனவர்களுக்கு எழுந்து நடக்கும்போது வலி குறையும். தமிழகத்தில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவைப் பிரசவங்களே என்று மேற்சொன்ன கணக்கெடுப்பு கூறுவதால், இது சிறிய உதவியன்று. ஆனால் கட்டு கொழுப்பைக் கரைக்காது. விலகிய தசையைத் தானாகவும் பலப்படுத்தாது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய், அடியிறக்கத்திற்கும் சிறுநீர்க் கசிவுக்கும் வழி செய்யக்கூடும். தையல் ஆறும் முன் மருத்துவரைக் கேளாமல் கட்டவும் கூடாது.

தசையைத் திரும்பக் கொண்டுவருவது பயிற்சிதான், அதுவும் மெல்ல. மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை நிதானமாக வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை முதுகுப்பக்கம் இழுத்துச் சற்று நிறுத்துவது முதல் பாடம். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசைகளைச் சுருக்கி விடுவது அடுத்தது. பிறகு நடை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், பிள்ளை பெற்ற பெண்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புக் கொள்ளுமாறு சொல்கிறது. படிப்படியாக அந்த அளவுக்கு வந்தால் போதும். கைப்பேசிப் படங்களைப் பார்த்து எடுத்த எடுப்பில் தலையைத் தூக்கித் தூக்கி எழும் பயிற்சியில் இறங்கினால், விலகிய தசை கூடுவதற்குப் பதிலாக வயிறு நடுவில் கூரைபோல் புடைக்கும். குப்பத்துப் பெண்ணுக்குக் கற்றுத்தந்ததும் மூச்சுப் பயிற்சியையே. அவள் அதைப் பிள்ளை தூங்கும் நேரத்தில் செய்தாள். மூன்று வேளை உண்டாள். இரும்புச் சத்து மாத்திரையை விடாது எடுத்தாள். அடுத்த இரு மாதத்தில் பிள்ளையின் எடை கோட்டுக்குத் திரும்பியது. அவள் வயிறு பாதி குறைந்தது, மீதி குறையவில்லை.

அந்த மீதி பெரும்பாலும் தோல். தோலை இழுத்துப் பிடிக்கும் நார்கள் அளவுக்கு மீறி விரிந்தால் முற்றும் பழைய நிலைக்கு வருவதில்லை. வயதும் பிறவி அமைப்பும், இரட்டைப் பிள்ளையா என்பதும் கணக்கில் வரும். வரித்தழும்புகள் நாளடைவில் மங்கும், மறையா. எண்ணெய் தேய்த்தால் அரிப்புத் தணியும், தோல் மிருதுவாகும், தொய்வு போகாது. "பத்தே நாளில் தொப்பை போகும்" என்று விற்கும் பொடிகளும் தேநீர்களும் பெரும்பாலும் பேதிக்குக் கொடுப்பவையே. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதுவும் தாய்ப்பாலின் வழியே பிள்ளைக்குப் போகலாம். தோலையும் தசையையும் சீர்செய்யும் அறுவை மருத்துவம் உண்டு. அதைச் செய்துகொள்வது பாவமா என்று ஒரு பங்கில் நம்மைக் கேட்டார்கள். குடலிறக்கத்தாலோ தசை விலகலாலோ துன்புறுகிறவளுக்கு அது மருத்துவம். பாவம் என்ற பேச்சே எழாது. அழகுக்காக மட்டும் என்றால், இனிப் பிள்ளைப்பேறு வேண்டாம் என்ற முடிவுக்கும் நிலையான எடைக்கும் வந்த பின்னரே மருத்துவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். கடன் வாங்கிச் செய்யாதீர்கள் என்பது நம் சொந்தக் கருத்து.

எடை மெய்யாகவே கூடியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலூட்டுவதற்கே நாளொன்றுக்கு 500 கலோரி அளவு செலவாகிறது. ஒன்பது மாதத்தில் ஏறியதை நாற்பது நாளில் இறக்கக் கேட்பது நியாயமன்று. சோற்றைச் சற்றுக் குறைத்து மீன், முட்டை, பருப்பு, கீரையைக் கூட்டினால் போதும். கர்ப்பக் காலத்தில் சர்க்கரை கண்டவர்கள் பிரசவத்திற்குப்பின் 6 முதல் 12 வாரத்திற்குள் மீண்டும் சோதிக்க வேண்டும். வயிற்றளவைவிட இதுவே முதன்மையானது. இதை நினைவூட்டவே, சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10 நம் நாட்டில் கர்ப்பக்கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது.

மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் முதல் இரு பிள்ளைப்பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. மீன்கூடை சுமக்கும் பெண்ணுக்கு யார் விடுப்புத் தருவார்? அவள் தலைமேல் கூடை ஏறும் நாளை மாமியாரும் கணவனும்தான் தீர்மானிக்கிறார்கள்.

முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்: முன்பெல்லாம் பிள்ளை பெற்றவள் முதன்முறை கோவிலுக்கு வரும்போது, கையில் எரியும் மெழுகுதிரியுடன் வாசலில் நிற்பாள். குருவானவர் தீர்த்தம் தெளித்து, தம் தோள்துகிலின் ஓரத்தை அவள் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார். அது நன்றியறிதலின் மந்திரிப்பு. மக்களோ தீட்டுக் கழிப்பதாகவே எண்ணிவிட்டார்கள். 1969இல் வெளியான குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் தாய்க்குரிய ஆசி முடிவிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. தந்தைக்கு முன் அவளுக்கே முதல் ஆசி. ஆனால் அந்த ஆசி வரும் வரைக்கும், தையல் ஆறாத உடம்புடன் அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். ஞானப்பெற்றோரும் படம் பிடிப்பவரும் அவளைச் சுற்றி நெருக்குகிறார்கள்.

ஆகையால் நம் ஆலயத்தில் திருமுழுக்குத் தொட்டியருகே முதுகு சாயும் நாற்காலி ஒன்றும், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் டம்ளரும் வைக்கச் சொல்லியிருக்கிறோம். சென்ற மாதம் ஒரு பெரியம்மா, "பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரா?" என்று செம்பை எடுத்து மறைத்தார். கோவில்பிள்ளை அதைத் திரும்ப வாங்கி வந்து வைத்தார். அந்தப் பெண் இரண்டு டம்ளர் குடித்தாள்.