கேன் மேல் எழுதும் நாலு வரி

அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை வந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, கத்திப்பாரா, நூறடி சாலை வழியாகச் சாலிகிராமம் போவதற்குள் வண்டிக்குள் என்ன சூடு ஏறும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். எக்ஸ்போஸ் ஆன நெகட்டிவுக்குச் சூடு ஆகாது. அதனால் ஃபிலிமில் படமெடுத்த நாட்களில், இரவு ஷூட்டிங் முடிந்ததும், வெயில் ஏறுமுன், 1976-இல் எல்.வி. பிரசாத் தொடங்கிய லேபில் கேனைச் சேர்த்துவிடுவோம். 1000 அடி ரோல் 11 நிமிடம்தான் ஓடும். ஒரு யூனிட்டே நாள் முழுக்க உழைத்தது அதற்குள் இருக்கும்.

கேன் மேல் ஒட்டும் லேபிளை நான் அவசரத்தில் எழுதியதில்லை. ஸ்டாக் எண், எத்தனை அடி, நார்மலா, புஷ்ஷா. லேபில் இருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "தம்பி, வெளிச்சத்துல படிச்சுட்டுத்தான் உள்ள போவோம். உள்ள போனா விரல்தான் கண்ணு." கும்மிருட்டில் கேனைத் திறந்து, கறுப்புப் பையை உருவி, ரோலின் நுனியைத் தடவி எடுத்து மெஷினில் கோக்கிறவருக்கு அந்த நாலு வரியை விட்டால் வேறு துணை கிடையாது.

முதல் தொட்டியில் நெகட்டிவின் பின்பக்கக் கரிப்பூச்சு இளகும். அதைக் கழுவித் துடைத்த பிறகு டெவலப்பர்: 41.1 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம். கோடாக் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் 0.1 டிகிரி. சென்னைக் கோடையில் அந்தச் சூட்டை அப்படியே பிடித்து வைத்திருந்தவர்களை நான் கலைஞர்கள் என்றே சொல்வேன். புஷ் என்று எழுதினால் டெவலப்பரில் நேரம் கூடும், அதுவும் ரோல் முழுவதற்கும். ஒரு ஷாட்டுக்கு மட்டும் புஷ் கேட்க முடியாது. வெளிச்சம் குறைந்த ஷாட்டுகளுக்குத் தனி மேகசின் வைத்தது அதனால்தான்.

டப்பாவில் ஃபிலிமின் வேகம் 500 என்று போட்டிருந்தாலும் லைட் மீட்டரை 320-இல் வைப்பேன். நெகட்டிவ் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். மெலிந்த நெகட்டிவின் நிழலில் ஒன்றும் பதிந்திருக்காது. அங்கே ஸ்கேனர் எதைப் பார்க்கும்? ஏற்றிப் பார்த்தால் கிரெயின்தான் கொப்பளிக்கும். 2K-யில் ஃபுல் அபர்ச்சர் ஸ்கேன் செய்தால் ஒரு ஃபிரேம் சுமார் 12 எம்.பி. ஒரு 1000 அடி ரோலுக்கு 16,000 ஃபிரேம், ஏறக்குறைய 200 ஜி.பி.! அத்தனை பெரிய ஃபைலிலும் ஷூட்டிங்கில் பதியாத நிழல் வந்துவிடாது.

2013-இல் ஃப்யூஜி படப்பிடிப்பு நெகட்டிவை நிறுத்தியது. இப்போது ஸ்கேனுக்குப் பெரும்பாலும் பழைய படங்கள்தான் வருகின்றன. மூடியைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும், ஃபிலிம் சுருங்கியிருக்கும். அதிலும் ஷாட் விவரங்கள் எழுதிய கேமரா ரிப்போர்ட் இல்லாத கேன் என்றால் எனக்கு நெஞ்சு பதறும். பகலில் எடுத்த இரவுக் காட்சி என்பது தெரியாவிட்டால், கலரிஸ்ட் அதைப் பளிச்சென்று பகலாக்கிவிடுவார். ஒளிப்பதிவாளரிடம் கேட்கலாம் என்றால் அவர் இருப்பதில்லை.

பழைய கேன் வைத்திருப்பவர்கள் லேபிளையும் ரிப்போர்ட்டையும் குப்பை என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கேனுக்குள்ளேயும் விடவேண்டாம், காகிதத்தின் அமிலம் ஃபிலிமுக்கு ஆகாது. அவற்றைப் போட்டோ எடுத்து ஸ்கேன் ஃபைல்களோடு சேர்த்துவிட்டு, காகிதத்தைத் தனி உறையில் போட்டு, உறைமேல் கேன் எண்ணை எழுதி வையுங்கள்.