இடது காதில் வயலின், வலது காதில் மிருதங்கம்

பழைய கச்சேரிப் பதிவுகள் சிலவற்றை ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு விநோதம் நடக்கும். வயலின் முழுக்க இடது காதில், மிருதங்கம் முழுக்க வலது காதில். பாடகரோ நம் மண்டைக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். ராகம், நிரவல் என்று நீளும்போது காது களைத்துவிடும். கச்சேரியில் குறையில்லை. அப்படியொரு ஒலி இயற்கையில் கிடையாது, அதுதான் சிக்கல்.

சபாவில் மேடையின் ஓரத்தில் வாசிக்கும் மிருதங்கத்தை நாம் இரண்டு காதாலும்தான் கேட்கிறோம். ஒரு காதைத் தொட்ட ஒலி, ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்தில் தலையைச் சுற்றிக்கொண்டு மறு காதுக்கும் போய்விடுகிறது. கீச்சென்ற ஒலிகளைத் தலை ஓரளவு மறைக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலிருந்து எழும் கனத்த கும்கி ஒலியை அதனால் மறைக்க முடியாது. 700 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஏறக்குறைய அரை மீட்டர். கும்கி அதையும்விட நீளம். அவ்வளவு பெரிய அலைக்கு நம் தலை ஒரு தடையே அல்ல. ஸ்பீக்கரில் கேட்டாலும் இதேதான். ஆனால் ஹெட்ஃபோன் போட்டதும் அறையும் காணாமல் போகிறது, தலையும் காணாமல் போகிறது. கும்கி ஒரே காதில் மட்டும் முட்டுகிறது.

இதற்கு மருந்து சொன்னவர் பெஞ்சமின் பாவர். பழைய மேடைப் புகைப்படங்களில் பாடகர்களின் முன் நிற்குமே, அந்த ஷூர் யூனிடைன் மைக்கை உருவாக்கியவர் இவர்தான். 1961-ல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்ன வழி எளிது. இடது சேனலில் கொஞ்சம் எடுத்து, அதன் கூர்மையைக் குறைத்து, இம்மி தாமதித்து வலது காதுக்கு அனுப்பு. வலதிலிருந்து இடதுக்கும் அப்படியே செய். இதைத்தான் கிராஸ்ஃபீட் என்கிறார்கள்.

ஃபைலில் உள்ள ஒரு பிட்கூட மாறாமல் காதுக்கு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆடியோ ரசிகர்கள் இதைக் கலப்படம் என்பார்கள். கலப்படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவைக் கலவை செய்தவர் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டும் காற்றில் கலந்து வருவதைக் கேட்டுத்தான் அளவு வைத்திருப்பார். அந்தக் கலப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் அவர் வேலை முடிந்திருக்கிறது. சிக்னலைத் தொடாமல் ஹெட்ஃபோனுக்கு விட்டால் அவர் கேட்டது நமக்குக் கிடைக்காது. சில சமயம் விசுவாசமாக இருக்கவே கொஞ்சம் கை வைக்க வேண்டியிருக்கிறது.

கை வைப்பதற்கு லினக்ஸ் நல்ல இடம். விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர், 2021-ல் ஃபெடோரா 34-ல் வழக்கமான ஒலி அமைப்பாக வந்தது. பிறகு உபுண்டு முதலியவையும் அதற்கு மாறின. க்யூபிடபிள்யூகிராஃப் என்ற சிறு மென்பொருளைத் திறந்தால் ஒலி போகும் பாதை முழுக்கத் திரையில் தெரியும். பிரவுசர் ஒரு பெட்டி, ஹெட்ஃபோன் ஒரு பெட்டி, நடுவே இடது வலது என இரண்டு வயர்கள். மவுஸால் ஒரு வயரைப் பிடுங்கினால் ஒரு காது ஊமையாகும். ஈஸிஎஃபெக்ட்ஸ் மென்பொருளை நிறுவினால் அது அந்த நடுவழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈக்வலைசரும் கிராஸ்ஃபீடும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

கிராஸ்ஃபீடில் இரண்டே ஸ்லைடர்கள்தான். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே கலக்க வேண்டும் என்பது ஒன்று, எவ்வளவு கலக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது கொஞ்சம் தலைகீழ்: டெசிபல் எண் ஏறினால் கலப்பு குறையும். 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபல் என்பது தயாராக உள்ள அமைப்புகளில் ஒன்று. கலப்பு நன்றாகவே தெரியும். ஜான் மெய்யர் பெயரிலுள்ள 650 ஹெர்ட்ஸ், 9.5 டெசிபல் மிக மென்மையானது. கச்சேரிப் பதிவுக்கு நான் முதலாவதை வைக்கிறேன், புதிய திரைப்பாடல்களுக்கு இரண்டாவதை. பாடகர் மண்டையை விட்டு இறங்கி எதிரில் வந்து உட்காருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த அளவுக்கு இதற்குச் சக்தியில்லை. கும்கி காதைக் குத்துவது நிற்கும்; கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஈக்வலைசர் நமக்குப் பழகிய பொருள்தான். ரிச்சி தெருவில் சாமான் வாங்கி அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்களில், சிவப்பு விளக்குகள் குதிக்க, பாஸும் ட்ரெபிளும் உச்சியில், நடு ஸ்லைடர்கள் பள்ளத்தில் இருக்கும். மனிதக் குரல் வாழ்வது அந்தப் பள்ளத்தில்தான். என் ஹெட்ஃபோனுக்குத் தேவைப்பட்டது நேர் எதிரான வேலை. 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் ஊசிபோல் குத்தியது. ஒரே ஒரு பேண்டைக் குறுகலாக்கி, வேண்டுமென்றே ஏற்றி, 5,000 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே நகர்த்திப் பார்த்தேன். 8,000-ஐ நெருங்கும்போது கூச்சம் தாங்கவில்லை. குற்றவாளி அகப்பட்டது. அதே இடத்தில் 5 டெசிபல் இறக்கினேன், குரல் தணிந்தது. இவ்வளவு மெனக்கெட விரும்பாதவர்களுக்கு, ஜாக்கோ பசானன் உருவாக்கிய ஆட்டோஈக்யூ திட்டத்தில் ஏராளமான ஹெட்ஃபோன்களுக்கான திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. எந்தப் பேண்டையாவது 6 டெசிபல் ஏற்றினால், மொத்த ஒலியை முதலிலேயே 6 டெசிபல் இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அடுத்து, திருத்தத்தை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். எது சத்தமாக இருக்கிறதோ அதையே நல்லது என்று காது சாதிக்கும்.

ஈக்வலைசர், கிராஸ்ஃபீட் இரண்டில் எது முன்னால், எது பின்னால் என்ற சந்தேகமும் வரும். இரண்டு காதுக்கும் ஒரே திருத்தம் என்றால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். ஒரு காது மந்தமாகி, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக ஈக்வலைசர் வைப்பவர்கள் மட்டும் கிராஸ்ஃபீடை முன்னால் வைக்க வேண்டும். ஈக்வலைசர் அந்தக் காதுக்கான மருந்து. கலப்பெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் சேர வேண்டும்.

மோனோ பாடல்களில் இரண்டு காதுக்கும் வருவது ஒன்றே என்பதால் கலக்க எதுவுமில்லை, கிராஸ்ஃபீடை அணைத்துவிடலாம். ஸ்பீக்கருக்கு மாறும்போதும் அது விலக வேண்டும். எந்தக் கருவி செருகப்பட்டிருக்கிறதோ அதற்கேற்ற அமைப்பைத் தானாகவே ஏற்றும் வசதி ஈஸிஎஃபெக்ட்ஸில் இருக்கிறது. முதல் நாளே அதைச் செய்துவைப்பது நல்லது. ஸ்பீக்கரில் கேட்கும்போது கலக்கும் வேலையை அறையே பார்த்துக்கொள்ளும். நாமும் சேர்ந்து கலந்தால் வயலினும் மிருதங்கமும் ஒரே பாயில் உட்கார்ந்துவிடும்.