வெண்டைக்காய்ப் பூ

கதை எழுதுகிறவனுக்குக் கைவேலை வராது என்பது எங்கள் வீட்டார் கண்ட முடிவு. அதைப் பொய்யாக்கக் கிளம்பித்தான், அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கு ஓர் ஆல்பம் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பழைய படங்கள், அப்பா அவளுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒட்டி, ஓரங்களில் பூ வரைய வேண்டும். மொத்தம் 20 பக்கம். கல்யாணம் முடிந்துவிட்டது, விடிந்தால் அவள் புக்ககம் புறப்படுகிறாள். இரவு பத்து மணிக்கு நான் வரைந்து முடித்திருந்தது ஒன்றரைப் பக்கம்!

அம்மா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், சமையலில் மிஞ்சிய வெண்டைக்காய் நாலைந்து கொண்டுவந்தாள். ஒன்றைக் குறுக்கே வெட்டி, வழவழப்புப் போகத் துணியில் ஒற்றி, சிவப்பு மை ஊறிய பஞ்சில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினாள். ஐந்து இதழோடு ஒரு பூ!

"மை லேசாப் பட்டால் போதும்டா. முக்கினா அப்பிக்கும்" என்றாள்.

ஒரு மணி நேரத்தில், கடைசிப் பக்கம் தவிர எல்லாம் பூத்துவிட்டன.

கடைசிப் பக்கத்தில், போன வருஷம் காலமான அப்பா, கைக்குழந்தையான அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் படம். நான் வெண்டைக்காயை எடுத்தேன். அம்மா தடுத்தாள். பேனாவை வாங்கிப் புள்ளி வைத்து, நடுங்கும் விரல்களால் கோலம் போட ஆரம்பித்தாள்.

"நேரமாகிறதே, அம்மா!"

"இதுக்குத்தானே மத்ததை எல்லாம் சீக்கிரம் முடிச்சேன்" என்றாள், தலை நிமிராமல்.

கோலம் முடியும்போது வாசலில் பால்காரன் மணி கேட்டது. கோடுகள் இரண்டோர் இடத்தில் கோணல்தான். வண்டி ஏறும் வரை அக்கா பெண் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.