ஊர்க்காரர் சொன்னால்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டிராரல்கன் என்ற ஊரில், என் பக்கத்து வீட்டுக்காரர் 1980இலிருந்து மழை அளக்கிறார். வேலிக்கம்பத்தில் கட்டியிருக்கும் குழாயில் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று தினமும் காலை ஒன்பது மணிக்குப் பார்த்து, கோடுபோட்ட நோட்டில் எழுதிவைப்பார். பண்ருட்டிப் பக்கத்தில் என் பெரியப்பாவுக்கு அளவுகோல் கால்தான். கொல்லையில் இறங்கி மண்ணைப் பெருவிரலால் கிளறிப் பார்த்து, "ஒரு உழவு மழ பேஞ்சிருக்கு" என்பார். இருவரும் மழையை மதித்தவர்கள். பூமி சூடாகிறது, அதற்கு மனிதர்கள்தான் காரணம் என்று நான் சொன்னபோது இருவருமே நம்பவில்லை.

சிதம்பரத்தில் செவிலியர் படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2010இல் இந்த லட்ரோப் பள்ளத்தாக்குக்கு வந்தேன். வந்த வாரமே மார்வெல் என்ற பக்கத்து ஊரின் திறந்தவெளிச் சுரங்கத்தைப் பார்க்க நேர்ந்தது. படிப்படியாக இறங்கும் பள்ளம், அடியில் பழுப்பு நிலக்கரி, அதைச் சுரண்டும் ராட்சதச் சக்கர எந்திரம். எனக்குத் தொண்டை அடைத்தது. நான் நெய்வேலியில் வளர்ந்தவள். அப்பா முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தது இப்படியொரு பள்ளத்தில்தான். உலகத்தின் மறுகோடியில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தம் அந்தக் கரிதான். பக்கத்து வீட்டுக்காரரும் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்று தெரிந்ததும் அந்தச் சொந்தம் இன்னும் கூடியது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. நாலு நாள் போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது பெரியப்பா, "ஒரு மரம் நிக்கலம்மா" என்று மட்டும் சொன்னார். பண்ருட்டிச் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் வெறும் மரங்கள் அல்ல. அவை தாத்தா நட்டு, பேரன் காய் பறிக்கும் சொத்து. பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் அந்த மரத்தில்தான் காய்த்தன. அத்தனையும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்து கிடந்தன.

அந்த ஆற்றாமையோடு வேலியோரம் போய் நின்றேன். கடல் சூடாவதையும் காற்றில் கரியமிலவாயு கூடுவதையும் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்கள் கடற்கரைக்குப் புயல் புதிதா? இங்கே 1939 ஜனவரியில் காட்டுத்தீயில் 71 பேர் செத்தார்கள். அப்போது யார் கார் ஓட்டினார்கள்?" என்றார். நான் மேலும் எண்களை அடுக்கினேன். அவர் உள்ளே போய்விட்டார். மூன்று வாரம் வேலிப்பக்கம் வரவில்லை.

பேரிடர் கண்ணெதிரே வந்தால் மனம் மாறிவிடும் என்று அதற்கப்புறமும் நம்பிக்கொண்டிருந்தேன். 2014 பிப்ரவரி 9ஆம் தேதி, காட்டுத்தீயின் கங்குகள் பறந்து வந்து மார்வெல் சுரங்கத்துக் கரியில் விழுந்தன. அந்தத் தீ 45 நாள் எரிந்தது. ஊரெங்கும் சாம்பல். மூச்சுத்திணறலோடு வந்த முதியவர்களைக் கைத்தாங்கலாகப் படுக்க வைத்தது நினைவிருக்கிறது. அந்தக் கோடையிலும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, "சுரங்கத்தை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை" என்பதுதான்.

கடலூரிலும் அதே கதை. 2015 நவம்பரில் ஊரை வெள்ளம் மூழ்கடித்தபோது, ஏரியைத் தூர்வாரவில்லை என்றார்கள். 2024 டிசம்பர் 2ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வந்து தென்பெண்ணை கரைமீறியது. ஓய்வுக்குப் பிறகு அப்பா கட்டிய கடலூர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். "டேம ராத்திரில தொறந்துட்டானுங்க" என்றார் அப்பா. இந்தக் காரணங்கள் எதுவும் பொய்யில்லை. ஏரி தூர்ந்திருந்தது, அணையும் திறக்கப்பட்டது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அந்தச் சுமை ஒரே நாளில் இறங்கும்போதுதான் தூர்ந்த ஏரி எமனாகிறது. பக்கத்திலேயே ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டால், தொலைவில் இருக்கும் காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. அதனால்தான் வெள்ளம் வடிந்த வீட்டிலும் பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது.

என் கண்ணைத் திறந்தது அப்பாவோடு நடந்த ஒரு சண்டை. மார்வெல் தீ அணைந்த வருடம் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே, நிலக்கரியிலேயே மோசமானது பழுப்பு நிலக்கரி, எடையில் ஏறக்குறைய பாதி ஈரம், அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகப் புகை என்று பேசிக்கொண்டே போனேன். அப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். "ஏம்மா, மெட்ராஸுக்கே வெளிச்சம் குடுத்தோம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு இருந்தோம். நீ படிச்சதும் அந்த வெளிச்சத்துலதான். இப்ப அது பாவம்னு சொல்றியா?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்பா மறுத்தது விஞ்ஞானத்தை அல்ல. முப்பத்திரண்டு வருட உழைப்புக்கு நான் எழுதிய தீர்ப்பைத்தான் மறுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போனதும் அதனால்தான். நான் சொன்னதை ஏற்க வேண்டுமென்றால் அவர்கள் தங்கள் ஆயுளையே குப்பையில் போட வேண்டியிருந்தது. அந்த விலையைக் கொடுத்து உண்மையை வாங்க யாரால் முடியும்?

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் வாதாடவில்லை. மார்வெல் சுரங்கத்துக் கரியில் ஓடிய ஹேசல்வுட் மின் நிலையத்தை மூடப்போவதாக 2016 நவம்பரில் அறிவித்தார்கள். விக்டோரியாவின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தந்த நிலையம் அது. ஐந்தே மாதத்தில், 2017 மார்ச் முடிவில், மூடியும் விட்டார்கள். 2020 மே 25 அன்று அதன் எட்டுப் புகைபோக்கிகளையும் வெடிவைத்துச் சாய்த்தார்கள். அன்று மாலை தேநீர் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். அப்பாவின் கதையைச் சொன்னேன், அந்தச் சண்டையையும் சேர்த்து. "உங்களைப் போன்றவர்கள் கொடுத்த மின்சாரத்தில்தான் நான் நர்ஸ் ஆனேன். அதை நான் மறக்கவில்லை" என்றேன். வெகுநேரம் கழித்து, பத்து வருடத்தில் முதன்முறையாக, அவராகவே ஒரு கேள்வி கேட்டார். "காற்றில் கூடியிருப்பது நாங்கள் எரித்த கரிதான் என்று எப்படித் தெரியும்? எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே?"

அதற்கான விடை அவர் தொழிலுக்குள்ளேயே இருந்தது. கரி என்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த காடு. உயிருள்ள மரத்தில் கார்பன்14 என்ற கதிரியக்க வகை துளியளவு இருக்கும். மரம் மடிந்ததும், 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போய், கடைசியில் அற்றுவிடும். அதனால் நிலக்கரியில் அது கிடையாது. எரிமலை வாயுவிலும் கிடையாது. ஆனால் செடிகொடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது எடை குறைந்த வகையைத்தான் விரும்பி எடுக்கும். எரிமலைக்கு அந்த விருப்பம் இல்லை. அணு வெடிச் சோதனைகள் காற்றில் கார்பன்14ஐப் பெருக்குவதற்கு முந்தைய மர வளையங்களிலேயே அது நீர்த்திருப்பதை ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1955இல் காட்டினார். எடை கூடிய கார்பன்13இன் பங்கும் குறைந்துகொண்டே வருகிறது. ஆக, காற்றில் புதிதாகச் சேரும் கார்பன் செடியாக இருந்தது. அதுவும் மிகப் பழைய செடி. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமிலவாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

"என் கரியின் கைரேகை" என்று அவர் முணுமுணுத்தார்.

"ஆமாம். ஆனால் தானே புயலை அதுதான் கொண்டுவந்தது என்று அன்று நான் சொன்னது தப்பு. ஒரு புயலைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது" என்றேன். அதைக் கேட்டதும்தான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகுதான், தெரிந்ததாகச் சொன்னதற்கு அவரிடம் மதிப்பு வந்தது.

ஒரு மாதம் கழித்து மழை நோட்டுகளோடு வந்தார். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மழையை முதல் இருபது ஆண்டுக்கும் பின் இருபது ஆண்டுக்கும் தனித்தனியாகக் கூட்டியிருந்தார். பின்னது இறங்கியிருந்தது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் குளிர்பருவ மழை குறைந்துவருவதை வானிலைத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அவர் காதில் அது ஏறியதில்லை. "ஒரு குழாயை வைத்து உலகத்தைச் சொல்ல முடியாது. ஆனால் இது என் கையெழுத்து" என்றார்.

அன்று அவரிடம் சிதம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். பூமி எப்போதும் மாறிக்கொண்டேதான் இருக்கும் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அது உண்மை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது உப்பங்கழி ஓரத்து மரம். இன்று அதைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். நிலமும் நீரும் மெல்ல இடம்மாறின; மனிதர்களும் அதற்கேற்ப மாறிக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது அந்த நேரம்தான் இல்லை.

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு எனக்கு இன்னொன்றையும் கற்றுத்தந்தது. ஒருகாலத்தில் கூறுகூறாக வெட்டியதால் அங்கே மண் காய்ந்து தாழ்ந்து, அலைநீர் தேங்கி, உப்பேறி, கன்றுகள் பிழைக்காமல் போயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து, மீன்முள் போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி அலைநீரை உள்ளே விட்டு வெளியே வடியவைத்தார்கள். காடு திரும்பியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரும் அழிவிலிருந்து தப்பின. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் மறு ஆண்டே இதைச் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். விறகு என்று பார்த்த காட்டை, அருகிலுள்ள கிள்ளை ஊர்ப் பக்கத்து ஜனங்கள் பிறகு அரண் என்று பேசக் கேட்டிருக்கிறேன். அங்கே கைக்கு ஒரு வேலை இருந்தது. எதுவும் செய்ய முடியாத ஆபத்தை ஏற்பதைவிட, ஆபத்தே இல்லை என்பது மனிதருக்கு எளிது.

அதே சுனாமி நாளில், கடலூருக்கு வடக்கே புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊரில் நடந்ததையும் நான் மறப்பதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் அலை வருவதை அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் சேதி போனது. ஊர் ஜனம் ஓடித் தப்பியது. அமைதியான ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கண்ணால் காணாத ஒன்றை ஊர் ஏன் நம்பியது? சொன்னவன் அவர்கள் பிள்ளை. தொலைவில் இருந்ததால் அவனுக்குச் சேதி முந்திக் கிடைத்தது. ஊரைச் சேர்ந்தவன் என்பதால் அவன் சொல் எடுபட்டது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய கடமை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் ஊரைக் குற்றம் சொல்லப் போன் செய்யவில்லை, காப்பாற்றத்தான் செய்தான். நான் பல வருடம் செய்த போன்கள் அப்படிப்பட்டவை அல்ல.

ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்து, வீட்டுச் சேற்றை வாரி முடித்த பிறகு, 2025 பொங்கல் அன்று அப்பாவோடு வீடியோ காலில் பேசினேன். என்னோடு பக்கத்து வீட்டுப் பெரியவரும் இருந்தார். நடுவில் மொழிபெயர்த்தவள் நான். அரை மணி நேரம் சீதோஷ்ணம் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கரிப்படுகை எத்தனை ஆழம், அடியிலிருந்து பீறிடும் தண்ணீரை எப்படி இறைப்பீர்கள், மழையில் சரிவு எப்படி நிற்கும்? இங்கே திருப்பிவிட்ட மார்வெல் ஆறு 2012இல் கரை உடைந்து யாலோர்ன் சுரங்கத்துக்குள் பாய்ந்ததைப் பெரியவர் சொன்னார். நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்ப, 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெல்வயலில் பொக்லைன் இறங்கியதை அப்பா சொன்னார். "நெல்லுமேல வண்டி ஏறுறத டிவில பாக்க முடியல சார். சுரங்கத்துல வேலை செஞ்சவன்தான் நான், அன்னிக்கு அழுதுட்டேன்."

மொழிபெயர்க்க எனக்குக் குரல் வரவில்லை. பெரியவர் காத்திருந்தார். கேட்டதும் தலையசைத்தார். பிறகு, மழை நோட்டில் தான் கண்டதைச் சொன்னார். காற்றில் இருக்கும் கரியின் கைரேகையைப் பற்றித் தன் வார்த்தையில் சொன்னார். அதையே நான் சொல்லியிருந்தால் அப்பா எழுந்து போயிருப்பார். இப்போது எழுந்திருக்கவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவர்கிட்ட ஒண்ணு கேளும்மா," என்றார். "அங்க மூடினாங்களே, அந்த ஆளுங்க என்ன ஆனாங்க?"

பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்தே மாத அவகாசத்தில் வேலையிழந்து தெருவில் நின்றவர்களைச் சொன்னார். பள்ளத்தாக்குக்கென அரசு தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியதைச் சொன்னார். ஹேசல்வுட்டில் பட்டதற்குப் பிறகு, யாலோர்ன் நிலையத்தை 2028இல் மூடுவோம் என்று 2021லேயே சொல்லிவிட்டார்கள் என்றார். யார் எந்த வேலைக்குப் போனார்கள், யார் ஊரைவிட்டே போனார்கள், யாருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். கடலூரில் அப்பா ஒரு பேனா எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.