ரோட்ஸுக்குப் போகும் முன் செஞ்சிக்கு



ஜெர்மனியில் பணிபுரியும் என் தம்பி கடந்த ஆண்டு தொலைபேசியில் அழைத்து, “அக்கா, அடுத்த கோடை விடுமுறைக்கு நாம் எல்லோரும் ரோட்ஸ் தீவில் சந்திப்போம். நீங்கள் அங்கிருந்து வாருங்கள், நாங்கள் இங்கிருந்து வருகிறோம்” என்றான். ரோட்ஸ் என்பது கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான, ஆனால் துருக்கியின் கரைக்கு மிக அருகில் இருக்கும் பழமையான தீவு. மேல்மலையனூரை விட்டு அதிகம் வெளியே போயிராத எனக்கு முதலில் அது விளையாட்டுப் பேச்சாகவே தோன்றியது. தம்பி விடவில்லை. அல்லாஹ்வின் அருளால் என் கணவரும் நானும் ஹஜ் கடமையை நிறைவேற்றிவிட்டோம், கடனும் இல்லை. சேமிப்பில் ஒரு பகுதியை இதற்கெனச் செலவிட மார்க்கத்தில் தடையேதும் இல்லை என்று தெளிந்த பிறகு, ஒரு குறிப்பேட்டை எடுத்துத் திட்டமிடத் தொடங்கினேன்.

பயணம் செல்ல நினைக்கும் சகோதரிகளுக்குப் பயன்படலாம் என்பதால், அதில் எழுதியவற்றில் சிலவற்றை இங்கே தருகிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ரோட்ஸில் வெயிலும் கூட்டமும் மிகுதி. 2023 ஜூலையில் ஏற்பட்ட காட்டுத் தீயின்போது பல்லாயிரம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்கு வெளியேற்ற வேண்டியிருந்தது. மே மாதம் இதமானது. நம் பள்ளி விடுமுறைக்கும் பொருந்துவது. மே மாத இறுதியில் ஹஜ்ஜுப் பெருநாள் வருவதால், அதற்குள் ஊர் திரும்பும்படி முதல் இரண்டு வாரங்களைக் குறித்தேன். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ ஏதென்ஸ் சென்று, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் தீவை அடையலாம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலும் உண்டு. ஓர் இரவு முழுவதும் கடலில் கழியும்.

கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 12 வயது நிரம்பியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவிலான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும்.

தொழுகையைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதினேன். பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணம் இருப்பதால், ஹனஃபி மத்ஹபின்படி நாங்கள் அங்கே முஸாஃபிர்கள். நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஏறத்தாழ எட்டு மணி ஆகிவிடும்; இஷாவுக்குப் பிறகு உறங்கி ஃபஜ்ருக்கு எழுவதற்கு இரவு சிறியது. இங்கே மேற்கு நோக்கி முஸல்லாவை விரித்துப் பழகிய நாம், அங்கே தென்கிழக்கு நோக்கி விரிக்க வேண்டும். உணவைப் பொறுத்தவரை இறைச்சியைத் தவிர்த்து மீனையும் காய்கறிகளையும் நம்பலாம். அங்கே உணவகங்களில் பரவலாகக் கிடைக்கும் கணவாய், ஆக்டோபஸ் போன்றவை ஷாஃபி சகோதரர்களுக்கு ஆகுமானவை. மீனை மட்டுமே ஆகுமெனக் கொள்ளும் ஹனஃபிகள் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கடுத்த பக்கத்துக்கு ‘நம் வரலாறு’ என்று தலைப்பிட்டேன். உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாஃபத்தின்போது, ஷாமின் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி) அவர்களின் படை ஏழாம் நூற்றாண்டிலேயே ரோட்ஸை எட்டியது. 1309 முதல் அத்தீவைச் சிலுவைப்போர் மரபில் வந்த வீரத் துறவியர் அமைப்பு ஒன்று ஆண்டது. 1522இல் உஸ்மானிய சுல்தான் சுலைமான் ஆறு மாதங்கள் முற்றுகையிட்டு அதை வென்றார். தோற்றவர்களைத் தம் உடைமைகளோடு பாதுகாப்பாக வெளியேற அனுமதித்தார். சுல்தானின் பெயரில் அமைந்த பள்ளிவாசல், அதற்கு எதிரே 1793இல் நிறுவப்பட்ட ஹாஃபிஸ் அஹ்மத் ஆகா நூலகம், முராத் ரெய்ஸ் பள்ளிவாசல் ஆகியவை இன்றும் அங்கே நிற்கின்றன. இவற்றையெல்லாம் வரிசையாக எழுதியபோது என் நெஞ்சு சற்று நிமிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதி முடித்த வாரத்தில்தான் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பள்ளியிலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார்கள். 2025 ஜூலையில் மராத்தியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவிலேயே இருந்தும், பேருந்தில் கடந்து போனதன்றி நான் அதன் உள்ளே நின்று பார்த்ததில்லை.

மாலையில் வீடு திரும்பிய மகள் வழக்கம்போல் பேசவில்லை. இரவு உணவுக்குப் பிறகு, தானே வந்து என் அருகில் அமர்ந்தாள்.

“அம்மா, கோட்டைக்குள்ளே ஒரு பள்ளிவாசல் இருக்கு. தேசிங்கு ராஜாவைக் கொன்ன பிறகு நவாப் கட்டினதாம். ‘உங்க ஆளுங்கதான் கொன்னாங்க’ன்னு ஒருத்தி சொன்னா. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. அந்தச் சண்டையில நாம எந்தப் பக்கம்மா?”

சொன்ன பிள்ளையின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் என் மகளுக்குத் தர என்னிடம் பதில் இல்லை. மேசை மீது குறிப்பேடு திறந்து கிடந்தது. ரோட்ஸின் முற்றுகையை ‘நம் வரலாறு’ என்று உரிமை கொண்டாடி எழுதியவள் நான். அப்படியானால் செஞ்சியின் முற்றுகையையும் என் மகள் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? வெற்றிகளை மட்டும் நம்முடையவை என்று சொல்லிக்கொண்டு, அவற்றால் பிறருக்கு நேர்ந்த துயரத்தை யாரோ செய்ததென்று ஒதுக்கிவிட முடியாது.

மறுவாரம் அவளை நானே செஞ்சிக்கு அழைத்துச் சென்றேன். செல்லும் முன் கிடைத்தவற்றைப் படித்துக்கொண்டேன். தேசிங்கின் தந்தை சொரூப்சிங் முகலாயரின் கீழ் செஞ்சியைக் காத்த பொந்தேலா இராஜபுத்திரர். அவர் மறைந்ததும் இளைஞனான மகன் பொறுப்பேற்க, ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். அதிலிருந்துதான் 1714ஆம் ஆண்டுச் சண்டை மூண்டது. மார்க்கத்தின் பெயரால் நடந்த போர் அன்று அது. நவாபின் அதிகாரிகளில் தோடர்மால் என்ற இந்து இருந்தார். தேசிங்கின் பக்கம் நின்று உயிர்விட்ட நண்பர் ஒரு முஸ்லிம். மகபத்கான் என்பது அவர் பெயர். தேசிங்குராஜன் கதைப்பாடல், மணக்கோலத்தில் இருந்த அவர் நண்பனின் அழைப்பு வந்ததும் திருமணத்தை விட்டுப் புறப்பட்டதாகச் சொல்கிறது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ திரைப்படம் அந்த நட்பை இன்னும் பல பேரிடம் கொண்டு சேர்த்தது.

கோட்டைக்குள் சஆதத்துல்லா கான் பள்ளிவாசலின் முன் நாங்கள் இருவரும் வெகுநேரம் நின்றோம். ராஜகிரியின் பாறைகள் வெயிலில் கனன்றன. தொல்லியல் துறையின் பராமரிப்பில் அந்தக் கட்டடம் அமைதியாக இருந்தது. வென்ற நவாபின் பெயரைச் சொல்ல அந்தக் கல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. ஆனால் எங்கள் பகுதியில் வயதான ஒருவரை நிறுத்தி நவாபின் பெயரைக் கேட்டால் தயங்குவார். மகபத்கானைக் கேட்டால் கதையே சொல்லத் தொடங்கிவிடுவார். தோற்ற பக்கத்தில் மடிந்த ஒரு முஸ்லிமை, முஸ்லிமல்லாத மக்கள் முந்நூறு ஆண்டுகளாகத் தம் பாட்டில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, “அப்போ நாம ரெண்டு பக்கமும் இருந்திருக்கோம்” என்றாள். பிறகு, “நான் அவளுக்கு மகபத்கானைப் பத்திச் சொல்றேன். ஆனா நவாபும் முஸ்லிம் இல்லன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். அதைவிட நேர்மையான பதிலை நான் கற்றுத் தந்திருக்க முடியாது. நமக்கோ நம் உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருக்குர்ஆன் 4:135 நமக்குக் கட்டளையிடுவது அப்போது என் நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பி ரோட்ஸைப் பற்றி மறுபடியும் படிக்கத் தொடங்கினேன். இம்முறை யார் வென்றார் என்பதை விட்டு, யார் யாருக்காக நின்றார் என்று தேடினேன். முன்பு நான் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்த பக்கங்கள் இப்போது என்னை நிறுத்தின. அந்தக் கோட்டை நகரின் ஒரு மூலையில் யூதர் குடியிருப்பும் 1577இல் கட்டப்பட்ட ஒரு யூத வழிபாட்டு இல்லமும் உள்ளன. 1944 ஜூலையில், தீவைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானிய நாஜிகள் ரோட்ஸிலிருந்தும் அருகிலுள்ள கோஸ் தீவிலிருந்தும் ஏறத்தாழ 1,700 யூதர்களைக் கப்பலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பினார்கள். மீண்டவர்கள் மிகச் சிலரே. அப்போது அங்கே துருக்கியின் தூதராக இருந்தவர் செலாஹத்தின் உல்குமென் என்ற இளைஞர். பிடித்துவைக்கப்பட்டிருந்தவர்களில் துருக்கியக் குடிமக்களை விடுவிக்குமாறு அவர் ஜெர்மானியத் தளபதியிடம் வாதாடினார். அதோடு நிற்காமல், துருக்கியரை மணந்தவர்களும் துருக்கியச் சட்டப்படி குடிமக்களே என்றும் சொன்னார். அப்படி ஒரு சட்டமே இல்லை. சுமார் ஐம்பது பேர் அவரால் உயிர் பிழைத்தார்கள். அடுத்த மாதமே துருக்கி ஜெர்மனியுடன் உறவை முறித்துக்கொள்ள, அவர் ஜெர்மானியரால் தடுத்துவைக்கப்பட்டார்.

பலஸ்தீன மக்களின் துயரத்தில் மனம் கொதித்துக் கொண்டிருக்கும் இந்நாளில் இதை ஏன் எழுதுகிறாய் என்று யாரேனும் கேட்கலாம். காஸாவின் குழந்தைகளுக்காக அழும் அதே கண்தான் அந்தக் கப்பலில் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்காகவும் அழ வேண்டும் என்று நான் நம்புகிறேன். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்ந்து அறிவுறுத்தியதால், அவர்களையும் வாரிசுகளாக ஆக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த அண்டை வீட்டாருக்கு இன்ன மார்க்கம் என்ற நிபந்தனை ஏதும் விதிக்கப்படவில்லை.

ரோட்ஸின் இன்றைய முஸ்லிம்களைப் பற்றியும் அறிந்தேன். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் தத்தம் சிறுபான்மை மக்களைப் பரிமாறிக்கொண்டபோது, ரோட்ஸ் இத்தாலியின் கையில் இருந்தது. அதனால் அங்கிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்படாமல் தங்கினார்கள். 1947இல் தீவு கிரேக்கத்துடன் இணைந்த பின்னும் அங்கேயே வாழ்கிறார்கள். சுலைமான் பள்ளிவாசல் இன்று அன்றாடத் தொழுகைக்குத் திறக்கப்படுவதில்லை. இப்ராஹிம் பாஷா பள்ளிவாசலில்தான் அவர்கள் தொழுகிறார்கள். முன்னோர் ஆண்ட ஊரில் சிறுபான்மையாக, அண்டை அயலாரோடு இணங்கி வாழும் அவர்களைச் சந்தித்து ஸலாம் சொல்ல வேண்டும் என்ற ஆவல் எனக்கு எந்தக் கோபுரத்தையும் காணும் ஆவலைவிட மிகுந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒவ்வோர் அமாவாசை இரவும் அங்காளம்மன் கோயிலின் ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து நிறைவார்கள். பேருந்து கிடைக்காத முதியவர்கள் எங்கள் திண்ணையில் படுத்துக்கொள்வதுண்டு. என் மாமியார் காலத்திலிருந்தே அந்த இரவுகளில் திண்ணையில் ஒரு குடம் தண்ணீரும் இரண்டு பாய்களும் இருக்கும். விடியலில் நாங்கள் ஃபஜ்ருக்கு எழும்போது அவர்கள் முதல் பேருந்துக்கு எழுவார்கள். இதை நாங்கள் பெரிய காரியமாக எண்ணியதே இல்லை. பயணி என்பவர் யார், அவருக்கு என்ன தேவை என்பதை நான் கற்றது அந்தத் திண்ணையில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பயணத் திட்டம் அப்படியே இருக்கிறது. விசாவுக்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ‘நம் வரலாறு’ என்ற தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, ‘பார்க்க வேண்டியவை’ என்று எழுதினேன். சுல்தானின் பள்ளிவாசல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. யூதர்களை நினைவுகூரும் சதுக்கமும் இருக்கிறது. ஜும்ஆவுக்கு இப்ராஹிம் பாஷா பள்ளிவாசல். கடற்கரைக்கு இரண்டு நாட்கள் வேண்டும் என்று மகள் சண்டையிட்டு வாங்கிவிட்டாள்.

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன. பெருமை தேடிப் புறப்பட இருந்த என்னைப் படிப்பினை தேடும் பக்கம் அல்லாஹ் ஒரு பிள்ளையின் கேள்வியால் திருப்பினான். முஸாஃபிரின் துஆ ஏற்கப்படும் என்பார்கள். அங்கே உங்கள் அனைவருக்காகவும் துஆ செய்வேன், இன்ஷா அல்லாஹ். எங்கள் பயணம் நலமாக அமைய நீங்களும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.